கனடாவில் மதுபோதையில் வாகனம் ஓட்டுதலும் குடிவரவு நிலையும்

கனடாவில் மதுபோதையில் வாகனம் ஓட்டி முதன்முறை தண்டனை பெறுபவர், யாருக்கும் காயம் ஏற்படாதிருந்தால், பெரும்பாலும் தண்டப்பணத்தோடும் ஓட்டுநர் தடையோடும் வீடு திரும்புவார். அவர் கனடியக் குடிமகனாயின் குடிவரவுச் சட்டம் அவரைத் தொடாது. நிரந்தர வதிவாளராயின் நாடுகடத்தும் நடவடிக்கை அதன் பின்னரே தொடங்கக்கூடும்.

100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராமோ அதற்கு மேலோ மதுசாரம் இருப்பது குற்றமாகும். 2018 டிசம்பர் 18 முதல் இக்குற்றத்துக்கான அதிகபட்சச் சிறைத்தண்டனை 5 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. மூச்சுப் பரிசோதனைக்கு மறுப்பதற்கும் இதே உச்சவரம்பு உண்டு.

இந்த 10 என்ற எண்ணே சிக்கலின் மையம். குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்தைப் "பாரதூரமான குற்றம்" என்கிறது. நீதிபதி உண்மையில் விதித்தது என்ன என்று அது பார்ப்பதில்லை. 1,000 டொலர் தண்டப்பணம் மட்டும் கட்டியவரும் இதற்குள் அடங்குவார். வழக்கு எளிய நடைமுறையில் விசாரிக்கப்பட்டிருந்தாலும் விலக்கு இல்லை.

குற்றச்சாட்டு மட்டும் வதிவுரிமையைப் பறிக்காது, குற்றத்தீர்ப்பு வேண்டும். ஆயினும் வழக்கு நிலுவையில் இருக்கும்வரை குடியுரிமை வழங்கப்படமாட்டாது. வழக்கை விரைவாக முடிக்க எண்ணிக் குற்றத்தை ஒப்புக்கொள்வதே பலருக்கு ஆபத்தாகிறது. ஒன்ராறியோவில் "கவனயீனமாக வாகனம் ஓட்டுதல்" என்பது மாகாணச் சட்டக் குற்றம். அரசுத் தரப்பு அதற்கு இணங்கினால் 36ஆம் பிரிவு பொருந்தாது. ஆகவே குற்றவியல் வழக்கறிஞர் மட்டும் போதாது, குடிவரவுச் சட்டம் அறிந்தவரையும் ஒப்புதலுக்கு முன்பே கேட்பது அவசியம்.

2018 டிசம்பர் 18க்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய உச்சவரம்பே பொருந்தும். குற்றம் நடந்த நாளின் சட்டத்தையே பார்க்கவேண்டும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2017இல், டிரான் வழக்கில், தீர்ப்பளித்திருந்தது.

வெளியேற்ற ஆணை பெற்ற நிரந்தர வதிவாளர், 6 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெறாதவராயின், குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவை நாடலாம். பிள்ளைகளின் நலன், கனடாவில் வாழ்ந்த காலம், திருந்தியதற்கான சான்று ஆகியவை அங்கே எடைபோடப்படும். மாணவர் அனுமதியிலோ வேலை அனுமதியிலோ இருப்பவருக்கு அந்த மேன்முறையீடு கிடையாது.