கூரையிலிருந்து போகும் யூனிட்டுக்கு 7.86 சென்ட்

8,000 யூனிட் விற்றால் 628 யூரோ 80 சென்ட். 1,500 யூனிட்டை வீட்டிலேயே செலவழித்தால் 600 யூரோ. ஜெர்மனியில் 2025 ஆகஸ்டுக்கும் 2026 ஜனவரிக்கும் இடையில் கூரையில் 10 கிலோவாட் சோலார் போட்ட ஒரு வீட்டின் ஓராண்டுக் கணக்கு இது. விற்ற அளவு, தானே செலவழித்ததைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். பணமோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கணக்கின் அடிப்படையை முதலில் வைத்துவிடுகிறேன். ஜெர்மனியில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 950 யூனிட் தரும். 10 கிலோவாட்டுக்கு 9,500. வீட்டின் ஆண்டுத் தேவை 4,000 யூனிட் என்று கொள்வோம். பேட்டரி இல்லை என்றால், தகடு தரும் நேரத்திலேயே செலவாவது சுமார் 1,500 யூனிட். அந்த நாட்டு வெயில் கோடையில் கொட்டும். டிசம்பரில் கிடைப்பது ஜூனில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. ராத்திரிக்கும் குளிர்காலத்துக்கும் கரண்ட் வெளியிலிருந்துதான் வர வேண்டும். மீதி 8,000 யூனிட் வெளியே போகிறது. வாங்கும் யூனிட்டின் விலை வரிகளெல்லாம் சேர்த்து ஏறத்தாழ 40 சென்ட். விற்கும் யூனிட்டுக்கு, 2025 ஆகஸ்ட் 1 முதல் 2026 ஜனவரி 31 வரை இணைப்புப் பெற்ற 10 கிலோவாட் வரையிலான கூரைகளுக்கு, 7.86 சென்ட். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சென்ட் கணக்கை அப்படியே ரூபாயாகப் படிக்கலாம்: வாங்கினால் 40 ரூபாய், விற்றால் 7 ரூபாய் 86 காசு.

மீட்டர் ஒன்றுதான், இரு பக்கமும் எண்ணும். திரையில் 1.8.0 என்ற எண்ணோடு வருவது வீட்டுக்குள் வந்த யூனிட், 2.8.0 என்று வருவது வெளியே போன யூனிட். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும் வழக்கம் அங்கே இல்லை. உள்ளே வந்ததற்கு மின்சாரம் விற்கும் நிறுவனம் பில் போடும். வெளியே போனதற்குப் பணம் தருவது அந்தப் பகுதியின் மின்கம்பிகளை நடத்தும் நிறுவனம். மாதாமாதம் ஒரு முன்பணம், ஆண்டு முடிவில் நேர் செய்தல். கூரையை அரசின் மின்சந்தைப் பதிவேட்டில் ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும். தவறினால் கிலோவாட்டுக்கு மாதம் 10 யூரோ அபராதம். 10 கிலோவாட் வீட்டுக்கு மாதம் 100. கூரை அந்த மாதம் சம்பாதிப்பதை அது விழுங்கிவிடும். பிறகு பதிந்துவிட்டால் 2 யூரோவாகக் குறைக்கிறார்கள். படிவம் நிரப்புவதில் அலட்சியமாக இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

வீட்டுக்காரர் சோலார் கரண்டை விற்கலாம் என்பது 1991 முதல் ஜெர்மனியில் சட்டம். அந்த முதல் சட்டம் தந்தது மக்கள் வாங்கும் சராசரி விலையில் 90 விழுக்காடு, ஏறத்தாழ 17 பெனிக் (அன்றைய ஜெர்மன் மார்க்கில் நூறில் ஒரு பங்கு ஒரு பெனிக்). தகடு விலை அன்று இருந்த உயரத்தில் அது வட்டிக்கே காணாது. கணக்கை மாற்றியவை சில நகரங்கள். பவேரியாவின் ஹாமெல்பர்க், ஃப்ரைசிங், பிறகு மேற்கு எல்லையில் ஆகென். தகடு போட்டவருக்கு எவ்வளவு செலவானதோ அந்தச் செலவு திரும்பி வரும்படி விலை வைக்க வேண்டும் என்பது ஆகென் நகரத்தார் கேட்டது. யூனிட்டுக்கு 2 மார்க், 20 ஆண்டுக்கு. இதற்காக நகரத்து மின்விலை 1 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் பிடித்த ஏற்பாடு இதுதான். தருவது எவ்வளவு, அதை யார் சுமக்கிறார்கள், சுமையின் எல்லை எது என்ற மூன்றும் ஒரே தாளில் இருந்தன.

ஹெர்மன் ஷேயர், ஹான்ஸ் யோசஃப் ஃபெல் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னின்று 2000 ஏப்ரலில் நாடு முழுதுக்கும் கொண்டுவந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் இதே வழியில் போனது. யூனிட்டுக்கு 99 பெனிக், அதாவது 50.62 சென்ட். 2004இல் 30 கிலோவாட் வரையிலான கூரைக்கு அது 57.4 சென்ட் ஆனது. இணைத்த நாளின் விலை 20 ஆண்டுக்கு மாறாது.

2004இல் 5 கிலோவாட் போட்ட வீட்டை எடுத்துக்கொள்வோம். கிலோவாட்டுக்கு 5,000 யூரோவுக்கு மேல் செலவான காலம். மொத்தம் 25,000க்கும் அதிகம். முதலாண்டு 4,750 யூனிட், அவ்வளவையும் விற்றால் 2,726 யூரோ 50 சென்ட். தகடு தேய்வதையும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரி 4,500 யூனிட் என்றால் 20 ஆண்டில் 51,660 யூரோ. அந்த ஆண்டு வீட்டுக்கு வாங்கும் கரண்டின் சராசரி விலை 17.96 சென்ட். எனவே கூரையில் விளைந்த ஒரு யூனிட்டையும் வீட்டுக்குள் விடாமல் மொத்தமாக விற்றுவிட்டு, விளக்கெரிக்க வெளியிலிருந்து வாங்கினார்கள். ஒவ்வொரு யூனிட்டிலும் 39.44 சென்ட் மிச்சம்.

அந்த 57.4 சென்ட் மின்சாரத்தின் விலை இல்லை. ஒரு தொழிலை வளர்த்தெடுக்க நாடு கொடுத்த கூலி. 1990இல் தொடங்கிய ஆயிரம் கூரைத் திட்டத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் கூரைகள்தான் சேர்ந்தன. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் மொத்த சோலார் திறன் 100 கிகாவாட்டைத் தாண்டிவிட்டது. கிலோவாட்டுக்கு 5,000 யூரோவுக்கு மேல் இருந்த செலவு இன்று 1,500 அளவில் நிற்கிறது. தகடு செய்யும் ஆலைகள் பெரும்பாலும் சீனாவுக்குப் போய்விட்டன. ஆனாலும் விலை குறைந்ததன் பலன் உலகத்துக்கே கிடைத்தது. திருநெல்வேலிக் கூரையில் இருக்கும் தகட்டின் விலையிலும் ஜெர்மானியக் குடும்பங்கள் கட்டிய பணத்தின் பங்கு உண்டு.

கட்டியவர்கள் யார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். 2022 ஜூன் முடிய இந்தப் பணம் எல்லோருடைய மின்பில்லிலும் ஒரு கூடுதல் வரியாக ஏறியது. சோலார், காற்றாலை, உயிர்வாயு எல்லாவற்றுக்கும் சேர்த்து 2010இல் யூனிட்டுக்கு 2.05 சென்ட், 2014இல் 6.24, உச்சமாக 2017இல் 6.88. ஆண்டுக்கு 3,500 யூனிட் செலவழிக்கும் குடும்பம் அந்த ஆண்டு கட்டியது 240 யூரோ 80 சென்ட். அதன்மேல் 19 விழுக்காடு விற்பனை வரியும் சேர, 286 யூரோ 55 சென்ட். ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். அவர்களுக்குக் கூரை இல்லை, விற்க யூனிட்டும் இல்லை. மின்சாரம் அதிகம் தின்னும் பெரிய ஆலைகளுக்கு இந்த வரியில் பெருமளவு விலக்கு இருந்தது. திட்டத்தை எவ்வளவு போற்றினாலும் இந்த இடம் எனக்கு நெருடுகிறது. 2022 ஜூலை 1 முதல் பில்லிலிருந்து இது நீக்கப்பட்டு, அரசின் வரவுசெலவிலிருந்து பணம் வருகிறது. வருமானத்துக்கேற்ப வரி கட்டும் இடத்துக்குச் சுமை நகர்ந்தது நியாயமானது. பத்தாண்டு முன்பே நடந்திருக்க வேண்டும்.

புதிய கூரைகள் விற்கும் யூனிட்டின் விலை இறங்கிய வேகம் இப்படி: 2009இல் 43.01 சென்ட், 2010 தொடக்கத்தில் 39.14, 2012 தொடக்கத்தில் 24.43. அதே 2012இல் வாங்கும் யூனிட்டின் சராசரி விலை 25.89. விற்கும் விலை வாங்கும் விலைக்குக் கீழே போனது அப்போதுதான். அதுவரை விற்பவரின் கணக்காக இருந்தது, அன்று முதல் வீட்டிலேயே செலவழிப்பவரின் கணக்காகத் திரும்பியது. 2012 ஏப்ரலில் 19.5. புதிய கூரைகள் வேகமாகக் குறைந்தன: 2012இல் நாட்டில் புதிதாகச் சேர்ந்தது 7,600 மெகாவாட், 2013இல் 3,300, 2014இல் 1,900. 2022இல் புதிய கூரைகளுக்கு 6.24 வரை இறங்கிவிட்ட விலையை, ரஷ்ய எரிவாயு நின்ற ஆண்டில், 8.2 ஆக ஏற்றினார்கள். 2024 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1 விழுக்காடு குறைகிறது. அப்படி வந்ததுதான் 7.86.

விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத் தமிழ்நாட்டிலும் அனுபவித்திருக்கிறோம். 2019 மார்ச்சில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சோலாருக்கு வைத்த 3 ரூபாய் 4 காசில் 75 விழுக்காடாக, வீடு அனுப்பும் யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசு என்று தீர்மானித்தது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடு அப்போது கூடுதல் யூனிட்டுக்கு 6 ரூபாய் 60 காசு கட்டியது. போனதை வந்ததில் கழிக்கும் முறை வீடுகளுக்கு 2021 அக்டோபரில்தான் திரும்பியது. கழித்தல் முறையில் யூனிட்டுக்கு யூனிட் ஈடு, அங்கே 7.86க்கு 40.

ஜெர்மனியில் அந்த இடைவெளி யூனிட்டுக்கு 32.14 சென்ட். அதனால்தான் துணி துவைக்கும் இயந்திரமும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் மதியத்துக்கு நகர்கின்றன. பேட்டரி விற்பனையும் அதனால்தான். 10 யூனிட் பேட்டரி ஒன்றை 5,000 யூரோவுக்கு வைத்தால் வீட்டுச் செலவு 1,500இலிருந்து 2,800 யூனிட்டாக உயரும். பேட்டரி ஏறி இறங்குவதில் 300 யூனிட் வீணாகும். விற்பது 6,400 ஆகும். வரவு:

வீட்டில் செலவழித்தது 2,800 × 40 சென்ட் = 1,120 யூரோ
விற்றது 6,400 × 7.86 சென்ட் = 503.04 யூரோ
மொத்தம் 1,623.04 யூரோ
பேட்டரி இல்லாவிட்டால் 1,228.80 யூரோ
வித்தியாசம் 394.24 யூரோ

5,000 யூரோ திரும்பிவர 12 ஆண்டும் எட்டு மாதமும். பேட்டரியின் ஆயுளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால், கடன் வாங்கி வைக்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது. மின்சாரக் கார் வீட்டில் நின்றால் கணக்கு வேறு.

இன்னொரு வழியும் உண்டு. எதையும் வீட்டுக்குள் விடாமல் முழுதும் விற்றால் விலை 12.47 சென்ட். 9,500 யூனிட்டுக்கு 1,184 யூரோ 65 சென்ட். பேட்டரி இல்லாத சாதாரண ஏற்பாட்டைவிட 44 யூரோதான் குறைவு. பகலில் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு இதுவே நல்லது.

2004இல் போட்டவருக்கு 2024 டிசம்பர் 31உடன் 57.4 சென்ட் முடிந்தது. தகடு இன்னும் ஆண்டுக்கு 4,300 யூனிட் தருகிறது என்று கொள்வோம். அதுவரை அதற்கு 2,468 யூரோ 20 சென்ட் வந்தது. இனிக் கிடைப்பது சோலார் மின்சாரத்தின் ஆண்டுச் சராசரிச் சந்தை விலை. 2022இல் அது 22 சென்டைத் தாண்டியது. இப்போது இத்தகைய பழைய கூரைகளுக்கு 10 சென்ட் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2024இன் சராசரி 4.624 சென்ட். அந்த விலையில் 4,300 யூனிட்டுக்கு 198 யூரோ 83 சென்ட். அதிலும் சந்தைப்படுத்தும் செலவைக் கழிப்பார்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து இணைப்பை மாற்றி, வீடு முதலில் எடுத்துக்கொண்டு மீதி வெளியே போகும்படி செய்தால், 1,200 யூனிட் வீட்டிலேயே செலவாகி 480 யூரோ மிச்சமாகும். பழைய தகட்டைக் கழற்றி எறிய ஒப்பந்தக்காரர் சொன்னால் முதலில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். முதலெல்லாம் எப்போதோ திரும்பிவிட்ட தகடு அது.

மதிய வெயிலில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் அனுப்புவதால், மொத்தச் சந்தையில் மின்விலை சுழியத்துக்குக் கீழே போகும் மணி நேரங்கள் பெருகுகின்றன. 2023இல் 301 மணி. 2024இல் 457. 2025இல் 573. 2025 மே 11, ஞாயிறு, மதியத்தில் யூனிட்டுக்குச் சுமார் 25 சென்ட் கொடுத்துத்தான் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரி 25 முதல் இணைந்த கூரைகளுக்கு, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகு, இந்த நேரங்களில் பணம் கிடையாது. இழந்த நேரம் 20 ஆண்டின் முடிவில் சேர்த்துத் தரப்படும். ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை, திறனில் 60 விழுக்காட்டுக்கு மேல் வெளியே அனுப்பக் கூடாது. யாரும் வாங்காத நேரத்தில் பணம் கேட்பது சரியில்லை என்பதால் இந்த விதியை நான் ஏற்கிறேன். இழந்ததைப் பின்னால் கொடுப்பது நேர்மையான ஏற்பாடும்கூட.

ஏற்க முடியாதது அடுத்த படி. 2025 ஆகஸ்டில் பொருளாதார அமைச்சர் கதரீனா ரைஷே, புதிய சிறு கூரைகளுக்கு இனி இந்த உதவி தேவையில்லை, அவை தாமாகவே கட்டுப்படியாகும் என்றார். கட்டுப்படியாகுமா என்று போட்டுப் பார்க்கலாம். 4 கிலோவாட் போட 7,600 யூரோ ஆகும் என்போம். சிறிய கூரைக்குக் கிலோவாட் செலவு கூடுதல். 3,800 யூனிட் வரும்; 1,150 வீட்டில் செலவாகும்; 460 யூரோ மிச்சம். விற்பதற்கு ஒரு காசும் வராவிட்டாலும் 16 ஆண்டு 6 மாதத்தில் முதல் வந்துவிடும். இந்த அளவுக்கு அமைச்சர் சொல்வது ஓரளவு நிற்கிறது.

அதே கூரையில் இடம் இருக்கிறது, 10 கிலோவாட்டாகப் போடலாமா? கூடுதல் செலவு 7,400 யூரோ. கூடுதலாகக் கிடைக்கும் 5,700 யூனிட்டில் வீட்டுக்குப் பயன்படுவது 350 மட்டும், 140 யூரோ. மீதி 5,350 யூனிட்டுக்கு 7.86 சென்ட் கிடைத்தால் 420 யூரோ 51 சென்ட். இரண்டும் சேர்ந்து 560 யூரோ 51 சென்ட். கூடுதல் செலவு 13 ஆண்டில் திரும்பும். அந்த 7.86ஐ எடுத்துவிட்டால் ஆண்டுக்கு 140 யூரோதான் மிச்சம். 7,400 யூரோ திரும்பிவர 52 ஆண்டு 10 மாதம். தகடு அதுவரை இருக்காது. வீட்டுக்காரர் 4 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்வார். சாரம் கட்டி, ஆள் ஏற்றி, கம்பி இழுத்த பிறகும் ஓட்டுக் கூரையின் பாதிக்கு மேல் வெறுமனே கிடக்கும். அந்த வீடு ஒவ்வொரு ஆண்டும் பக்கத்துத் தெரு வாடகை வீடுகளுக்கு அனுப்பியிருக்கக்கூடிய 5,350 யூனிட்டை வேறு எங்கோ எரிவாயு எரித்து எடுக்க வேண்டியிருக்கும்.