பொதுக் கொட்டகையில் ஒரு தச்சுப்பட்டறை

எங்கள் வளவிலுள்ள மோட்டார்க் கொட்டகை இரு குடும்பங்களுக்குப் பொதுவானது. அதன் ஒரு மூலையில் தச்சுவேலை பழக விரும்பிய நான் முதலில் தேடிப் பெற்றது உளியன்று, அயல்வீட்டாரின் சம்மதம்.

வேலைமேசையைக் கீல்கொண்டு சுவரோடு மடிக்கத்தக்கதாக அமைத்தால், மாலையில் கார் தடையின்றி உள்ளே வரும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு நிற்கும் உயரமே சீவுளி தள்ளுவதற்கு ஏற்றது. வாள், சீவுளி, இரண்டு உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், சாணைக்கல் ஆகியன தொடக்கத்திற்குப் போதுமானவை.

மரத்தூளை அற்பமாக எண்ணலாகாது. அது மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கவல்லது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியது. எனவே கதவைத் திறந்து வைத்து, மூக்கையும் வாயையும் இறுக மூடும் கவசம் அணிந்தே மரம் அறுத்தல் வேண்டும்.

இன்னொரு பாடத்தை அனுபவமே புகட்டியது. நான் செய்த முதல் முக்காலிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டேன். அன்றிரவு அயல்வீட்டு அம்மையார் புகை மணத்தை உணர்ந்து குரல் கொடுத்திராவிடில், கொட்டகையே எரிந்திருக்கும். அவ்வெண்ணெய் ஒட்சிசனை ஏற்று உலர்கையில் வெப்பம் பிறக்கும். சுருண்ட துணிக்குள் அது வெளியேற வழியின்றித் தீயாக மூளும். அத்தகைய துணியை வெட்டவெளியில் தனித்தனியே விரித்து உலர்த்துதல் வேண்டும். அன்றேல் நீரில் அமிழ்த்தி வைத்தல் வேண்டும்.

அம்முக்காலி இன்று அயல்வீட்டு விறாந்தையில் இருக்கின்றது. அதன் கால்களுள் ஒன்று சற்றுக் குட்டை. அம்மையார் இதுவரை அதனைக் குறிப்பிட்டதில்லை.