இரண்டே நிமிடத்தில் இருண்ட கியூபெக்

"இன்று இரவு சூரியப் புயல் வருகிறது, செல்போனை அணைத்து வையுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அடிக்கடி சுற்றும். ஊரிலிருந்து அம்மா அதை எனக்கு அனுப்பி, "நிஜமாடா?" என்று கேட்பாங்க. புயல் நிஜம்தான். போனை அணைப்பதுதான் வீண் வேலை.

அந்தப் புயல் என்ன செய்யும் என்பதை நான் வசிக்கும் கனடா ஒருமுறை பார்த்துவிட்டது. 1989 மார்ச் 13, அதிகாலை 2.44 மணி. கியூபெக் மாகாணம் முழுக்க இரண்டு நிமிடத்துக்குள் கரண்ட் போனது. அந்தக் குளிரில் சுமார் 60 லட்சம் பேர் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். பெரும்பகுதி திரும்பவே 9 மணி நேரம் ஆனது.

அதற்கு மூன்று நாள் முன்பு சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு. இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கணும். வெடிப்பின் ஒளியும் எக்ஸ் கதிரும் 8 நிமிடத்தில் வந்து சிற்றலை ரேடியோவைக் குழப்பும். பின்னால் ஒன்று முதல் மூன்று நாளில் வருவது, கோடிக்கணக்கான டன் மின்னூட்டத் துகள்கள். அவை தங்கள் காந்தப்புலத்தையும் சுமந்து வரும். அந்தப் புலம் தெற்கு நோக்கி இருந்தால், வடக்கு நோக்கிய பூமியின் புலத்தோடு பிணைந்து அதை ஆட்டிவிடும்.

காந்தப்புலம் மாறினால் கடத்தியில் மின்சாரம் பிறக்கும். பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான். இங்கே கடத்தி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் மின்கம்பி. கியூபெக்கின் அடியில் இருப்பதோ மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழம்பாறை. அதனால் அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியாகக் கம்பியில் ஏறியது. மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவிகள் அடுத்தடுத்து நின்றுபோயின. கைபேசிக்குள் அவ்வளவு நீளக் கம்பி ஏது?

கியூபெக் பாடம் கற்றது. கருவிகள் சட்டென்று நின்றுவிடாதபடி அமைப்பை மாற்றினார்கள். 2024 மே மாதம் கடும் புயல் வந்தபோது லடாக்கின் ஹான்லே வரை வானம் சிவந்தது, மின்கட்டமைப்புகள் தாங்கின. ஆனால் அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் டிராக்டர்களின் ஜிபிஎஸ் தடுமாறியது.

வரும் புலம் தெற்கா வடக்கா என்பது, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி ஆதித்யா-எல்1 போன்ற விண்கலங்கள் நிற்கும் இடத்தை அது தொடும்போதுதான் உறுதியாகும். அதன் பிறகு நமக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஒரு மணி நேரம்.

எங்கள் ஐடி துறையில் பேரிடர் திட்டம் எழுதும்போது வெள்ளம், தீ, ஹேக்கர் எல்லாம் பட்டியலில் வரும். சூரியனுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. எழுதி வைத்ததைச் செய்யத்தான் நேரம் இருக்கும்.