தோளில் பேட்ச் இருக்கிறது, கையில் கார்டு இருக்கிறதா?

அந்தமானின் சுவராஜ் தீவில் ஒரு காலை. பழைய பெயர் ஹேவ்லாக். என் தங்கை மகனுக்கு ஸ்கூபா டைவிங் செய்து பார்க்க ஆசை. அழைத்துப் போக வந்த இளைஞரின் வெட்சூட்டில் தோளிலிருந்து மார்பு வரை நான்கு பேட்ச்கள். பெரியதில் ‘மாஸ்டர் ஸ்கூபா டைவர்’ என்று தங்க நூலில் எழுதியிருந்தது.

“தம்பி, உங்க இன்ஸ்ட்ரக்டர் கார்டைக் கொஞ்சம் காட்டுறீங்களா?”

“இதைப் பார்த்தாலே தெரியலையா சார்?” என்று தோளைத் தட்டிக் காட்டினார்.

கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்க அரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. அடுத்த இடத்தில் ஒரு பெண் பயிற்றுநர். அவர் உடையில் ஒரு பேட்ச் கூட இல்லை. கேட்டவுடனே போனைத் திறந்து படம், எண், நடப்பு ஆண்டு உறுப்பினர் நிலை எல்லாவற்றையும் காட்டினார். மருமகன் அவரோடுதான் கடலில் இறங்கினான்.

பேட்ச் எதைச் சொல்கிறது?

1966-இல் தொடங்கிய ‘பாடி’, 1970-இல் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. போன்ற பயிற்சி அமைப்புகள் படிப்பை முடித்தவருக்குப் படமும் எண்ணும் கொண்ட கார்டு தருகின்றன. சான்று அந்தக் கார்டுதான். பேட்ச் வெறும் நினைவுப் பொருள். இணையக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கித் தைத்துக்கொள்ளலாம்.

உண்மையான பேட்சும் நம்மைக் குழப்பிவிடும். ‘மாஸ்டர் ஸ்கூபா டைவர்’ என்றதும் குருநாதர் என்று தோன்றும். ஆனால் அது பொழுதுபோக்காக டைவிங் செய்பவர் எட்டும் உயர்நிலை. ‘பாடி’ முறையில் மீட்புப் பயிற்சி, ஐந்து சிறப்புப் பயிற்சிகள், பதிவேட்டில் 50 டைவ் இருந்தால் அது கிடைக்கும். பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் தகுதி அதில் இல்லை. ‘ரெஸ்க்யூ டைவர்’ பேட்சுக்கும் இதே கதைதான். புதியவருக்குக் கடலில் முதல் பாடம் நடத்த இன்ஸ்ட்ரக்டர் தகுதி வேண்டும். அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். என்றோ தைத்த பேட்சைப் பார்த்து, புதுப்பித்தாரா இல்லையா என்று எப்படித் தெரியும்?

ஏன் இவ்வளவு கறார்?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நொடியில் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தி மூச்சு விடச் சொல்ல, முறையாகப் பயின்றவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இறங்கும் முன் கேளுங்கள்

• இன்ஸ்ட்ரக்டர் கார்டு எண்ணை வாங்கி, அந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். தகுதி நடப்பில் உள்ளதா என்றும் பாருங்கள்.
• கார்டு காட்டியவரே உங்களோடு நீரில் இறங்குகிறாரா என்று உறுதி செய்யுங்கள்.
• முதல் முறை என்றால் 12 மீட்டருக்குக் கீழே அழைத்துப் போகக் கூடாது.
• ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், கர்ப்பம் பற்றிய மருத்துவப் படிவம் தராத இடத்தில் இறங்காதீர்கள். தந்தால் எதையும் மறைக்காதீர்கள்.
• சிலிண்டரில் சோதனைத் தேதி பொறித்திருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.
• ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறாதீர்கள்.

உங்கள் உரிமை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, இல்லாத அங்கீகாரம் இருப்பதாகக் காட்டிச் சேவையை விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. அலட்சியமும், சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு. “எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல” என்ற தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதனாலேயே, அவர்கள் அலட்சியத்துக்கு இழப்பீடு கேட்கும் வழி அடைபட்டுவிடாது. அந்தத் தாளையும் ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முறையிடும் வழி

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் அந்தமானில் நடந்திருந்தாலும், நீங்கள் மதுரையில் குடியிருந்தால் மதுரையிலேயே மனு கொடுக்கலாம். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். போலிக் கார்டு காட்டி ஏமாற்றியிருந்தால் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 112. பேட்ச் தெரியும்படி எடுத்த படம், ரசீது, வாட்ஸப் உரையாடல் மூன்றும் முக்கியச் சான்றுகள். அந்தப் பயிற்சி அமைப்புக்கும் எழுதுங்கள். தன் பெயரைத் தவறாகப் பயன்படுத்துபவர் மீது அது நடவடிக்கை எடுக்க முடியும்.

பேட்ச் அணிபவர்களுக்கு

உழைத்துப் பெற்ற பேட்சைப் பெருமையோடு அணியுங்கள். ஆனால் மிதவை ஜாக்கெட்டின் காற்றுப் பைமேல் ஊசி போட்டுத் தைக்காதீர்கள். ஒரு துளை போதும், காற்று கசியும். கார்டின் படத்தை எண்ணோடும் பிறந்த தேதியோடும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். முடிக்காத படிப்பின் பேட்சை விளையாட்டுக்குக்கூட அணியாதீர்கள். ‘ரெஸ்க்யூ’ என்று தோளில் படித்தவர், தத்தளிக்கும்போது உங்களை நோக்கித்தான் கை நீட்டுவார்.

மருமகன் கரையேறியதும் சொன்ன முதல் வார்த்தை மீனைப் பற்றியதல்ல. “மாமா, நடுவுல பயந்துட்டேன். அக்கா கையைப் பிடிச்சு, ‘மூச்சு விடு’னு சைகை காட்டுனாங்க.” காசைத் திரும்பக் கேட்டு வெயிலில் நின்ற அந்த அரை மணி நேரம் வீண்போகவில்லை. கார்டைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.