கல்லூரிக்கு முன் இரண்டு மாதம்: கடைக்காரர் எழுத வேண்டிய கணக்கு

மார்ச் மாதம் பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறு வாரமே தாம்பரம் சண்முகம் சாலையிலும், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைத்தெருக்களிலும் புது முகங்களைப் பார்க்கலாம். துவைத்துத் தேய்த்த சட்டையுடன் ஒரு பையன் கடைப் படியில் நிற்பான். கூடவே அம்மாவோ மாமாவோ இருப்பார். "அண்ணாச்சி, தம்பி பரீட்சை எழுதிட்டான். காலேஜ் திறக்கிற வரைக்கும் ஏதாவது வேலை கொடுங்க" என்பார்கள்.

நமக்கும் அப்போது ஆள் தேவை. நோட்டுப் புத்தக மொத்த வியாபாரம் செய்கிற எனக்கு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும்தான் வருஷத்துக்கே சாப்பாடு. சிவகாசியிலிருந்து லாரி வந்து நின்றால் பண்டல் இறக்கவும், குயர் வாரியாக அடுக்கவும், சில்லறைக் கடைகளுக்குப் பட்டியல் பார்த்துப் பிரித்துக் கொடுக்கவும் பத்துக் கை போதாது. ஜவுளி, பாத்திரக் கடைகளுக்குச் சித்திரை, வைகாசி முகூர்த்தம். பள்ளிச் சீருடை, பை, செருப்பு வியாபாரிகளுக்கும் இதே சமயம்தான். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியிலிருந்து காலை மின்சார ரயிலில் வந்து இறங்கும் இந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் பல கடைகளில் கோடை வியாபாரம் நடக்காது.

ஆகவே இது நாம் செய்யும் தர்மம் அல்ல, இரு பக்கத்துக்கும் லாபமான ஏற்பாடு. ஆனால் இரு பக்கமும் சமமாக லாபம் அடைகிறதா என்பதுதான் என் கேள்வி. நம் சங்க அன்பர்கள் இதைச் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஒரு அணாவும் ஒரு ஜோடி வளையலும்

முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தம் சுயசரிதையான 'அக்கினிச் சிறகுகள்' நூலில் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார். 1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. எட்டு வயதுச் சிறுவனான அவர் ராமேஸ்வரத்தில் கொட்டைகளைப் பொறுக்கி மளிகைக் கடையில் விற்றார். ஒரு நாள் சேகரிப்புக்கு ஒரு அணா கிடைத்தது. போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காததால், ஓடும் ரயிலிலிருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பிடிக்கும் வேலையையும் உறவினர் சம்சுதீனுக்காகச் செய்தார். தன் கையால் சம்பாதித்த பெருமை அரை நூற்றாண்டு கழித்தும் அவருக்கு மறக்கவில்லை. புளியங்கொட்டையை வாங்கிக்கொண்டு காசு கொடுத்தவர் நம்மைப் போன்ற ஒரு மளிகைக்காரர்தான் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சம்பவம் நம் குரோம்பேட்டையோடு சம்பந்தப்பட்டது. சி. ராஜம் அவர்கள் 1949-ல் தோற்றுவித்த எம்.ஐ.டி.யில் சேர கலாமுக்கு இடம் கிடைத்தது. சேர்க்கைக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை. சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தன் சொந்தச் சம்பாத்தியத்தில்தான் அந்த வளையல்களை மீட்பேன் என்று கலாம் உறுதி எடுத்துக்கொண்டார்.

சேர்க்கை நேரத்தில் வீட்டில் ரொக்கம் இல்லாத நிலை இன்றும் மாறவில்லை. மே மாதம் ரிசல்ட் வருகிறது. கலைக் கல்லூரிகள் அடுத்தடுத்த வாரங்களில் சேர்க்கை நடத்துகின்றன. என்ஜினீயரிங் கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்டு வரை போகிறது. விண்ணப்பம், முதல் தவணை, புத்தகம், உடை, ரயில் சீசன் என்று எல்லாச் செலவும் ஒரே மாதத்தில் வந்து விழும். உதவித் தொகையும் வங்கிக் கடனும் பிறகுதான் வரும். அந்த இடைவெளியில் பையன் கையில் இருக்கும் பத்தாயிரம் ரூபாய், அம்மாவின் வளையலை வீட்டிலேயே வைத்திருக்கும்.

எனக்கு வராத 68 ரூபாய்

1976-ல் நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு ஒரு கடையில் கோடை வேலைக்குச் சேர்ந்தேன். மாதம் 45 ரூபாய் சம்பளம். "கையில் கொடுத்தால் சினிமாவுக்குப் போய்விடுவாய், மொத்தமாக வாங்கிக்கொள்" என்றார் முதலாளி. அப்பாவும் சரி என்றார். இரண்டு மாதம் முடிந்து பி.யு.சி.க்குப் பணம் கட்ட வேண்டிய வாரம் போய்க் கேட்டேன். தேநீர், பலகாரம், நான் உடைத்த கண்ணாடி ஜாடி, இடையில் வீட்டுக்கு வாங்கிய சாமான் என்று கழித்து 22 ரூபாய் கொடுத்தார். எழுதி வைத்த கணக்கு எதுவும் இல்லை. கட்டணம் கட்டும் நாள் கடந்துவிட்டது. என் படிப்பு அத்துடன் நின்றது.

அவர் மோசமான மனிதர் அல்ல. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வாரிக் கொடுத்தவர். ஒரு சிறுவனின் பணத்துக்குக் கணக்கு எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் தொழிலின் பாலபாடம். சரக்குக்கு அளந்த நாம் கூலிக்கு அளக்க மறக்கிறோம்.

இதைச் சொல்லும் நானும் சுத்தமானவன் அல்ல. 1998 கோடையில் ஒரு பையன் என்னிடம் வேலைக்கு வந்தான். கால்குலேட்டர் இல்லாமலே பில் கூட்டுவான். எந்த அளவு நோட்டு எந்த அடுக்கில் என்று பத்து நாளில் மனப்பாடம். அவனுக்கு பி.காம். இடம் கிடைத்தது. அப்போது அவன் அம்மாவை அழைத்து, "மாதம் 500 ரூபாய் கூட்டித் தருகிறேன், படித்தவன் எல்லாம் வேலையில்லாமல் திரிகிறானே" என்று சொன்னேன். அந்த அம்மாள் நம்பினார். பையன் கடையிலேயே நின்றுவிட்டான். எனக்குக் கெட்டிக்கார ஆள் கிடைத்தான் என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

பின்னாளில் அவர் வேறு கடையில் மேற்பார்வையாளர் ஆனார். போன வருஷம் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பிளஸ் டூ முடித்த அந்தப் பெண்ணுக்குக் கோடை வேலை வேண்டும் என்றார். புறப்படும்போது சிரித்துக்கொண்டே, "சம்பளம் கூட்டிப் பாப்பாவை நிறுத்தி வெச்சிடாதீங்க அண்ணாச்சி" என்றார். நான் பதில் பேசவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

சட்டம் சொல்வது

முதலில் மதிப்பெண் பட்டியலில் பிறந்த தேதியைப் பாருங்கள். 14 வயது நிறையாதவரை வேலைக்கு வைப்பது குற்றம். 1986-ம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்ட பிறகு, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தவும் தடை இருக்கிறது. நம் மாநிலத்தின் 1947-ம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, 17 வயது நிறையாதவரைக் காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வேலை வாங்கக் கூடாது. அவர்களுக்கு நாளைக்கு 7 மணி நேரம், வாரத்துக்கு 42 மணி நேரம்தான். ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-ல் கொண்டு வந்த திருத்தம் கோடைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது டெலிவரி. 17 வயதுப் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து, "சேலையூர்ல இறக்கிட்டு வா" என்று அனுப்புகிறவர்கள் உண்டு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, வயது வராதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அபராதம் போகட்டும். ஜி.எஸ்.டி. சாலையில் அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆனால் பெற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

சேமிப்புக்கு நாம் செய்யக்கூடியது

சம்பளத்தை வாரா வாரம் சனிக்கிழமை கொடுத்துவிட வேண்டும். 'மொத்தமாக வாங்கிக்கொள்' என்ற பேச்சே வேண்டாம். பையன் சேமிக்க வேண்டும் என்ற அக்கறை இருந்தால், அவன் பெயரில் கணக்குத் தொடங்க வழி காட்டுவோம். தபால் நிலையச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். 10 வயது நிறைந்தவர் தாமே கையெழுத்திட்டு நடத்தலாம். வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைக் கணக்கும் உண்டு.

இதில் இன்னொரு சௌகரியம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. கோடையில் தொடங்கிய வங்கிக் கணக்கு அதற்கும் உதவும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் ஒன்றுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காக மட்டும். அவரவர் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது.) வாரம் 6 நாள், 9 வாரம், 54 நாளைக்கு 21,600 ரூபாய். போக்குவரத்து, தேநீருக்கு நாளொன்றுக்கு 60 வீதம் 3,240 போக 18,360. வீட்டுக்கு 5,000 கொடுத்தாலும் 13,360 மிச்சம். மே மாதமே தவணையில் புதுப் போன் எடுத்தால் இந்த மிச்சம் கரைந்துவிடும். பதிவு பெறாத சீட்டில் போட்டாலும் அதே கதிதான். இதை நம் அனுபவத்திலிருந்து ஒரு சனிக்கிழமை ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், முதலில் டெபாசிட் கட்டு என்று செல்போனில் வரும் அழைப்புகளையும், வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்கும் ஆசாமிகளையும் பற்றி எச்சரிப்பதும் நம் கடமை. ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். உழைத்தால்தான் கூலி என்பதைக் கடைப் படியில் கற்றவன் இந்த வலையில் எளிதில் விழமாட்டான்.

ஒரு வேண்டுகோள்

மே 5 வணிகர் தினத்தன்று நாம் நம் உரிமைகளைப் பேசுகிறோம். அத்தோடு இந்த மூன்றையும் நம் சங்க உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். கோடைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு நோட்டில் நாள், நேரம், கூலி எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அதற்கு வேண்டிய நோட்டை உறுப்பினர் கடைகளுக்கு நான் இலவசமாகத் தருகிறேன். கூலி வாரா வாரம் போய்ச் சேர வேண்டும். கல்லூரி இடம் கிடைத்த பிள்ளையைச் சம்பளம் கூட்டி நிறுத்தக் கூடாது.

கெட்டிக்காரப் பையன் போய்விட்டால் ஜூலையில் கஷ்டம்தான். எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த ஆள் நமக்குக் கிடைப்பான். அவனுக்கு அந்த வருஷம் திரும்பக் கிடைக்காது.

என்னிடம் வந்த அந்தப் பெண் ஒன்பது வாரம் வேலை செய்தாள். கடைசிச் சனிக்கிழமை நோட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு, பாக்கி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனாள்.