காதின் மேல் அமரும் ஹெட்போன்

தில்லியில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீடு. சன்னலில் கூலர் இரைகிறது. அடுத்த அறையில் தொலைக்காட்சி ஓடுகிறது. சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. இவற்றுக்கு நடுவே ஒரு மாணவி கைப்பேசியில் தமிழ்ப் பாடத்தின் ஒலிப்பதிவைக் கேட்க முயல்கிறாள். பள்ளியிலும் தெருவிலும் அவள் கேட்பது இந்தி. வீட்டில் பெற்றோர் பேசும் தமிழும் இத்தகைய ஒலிப்பதிவுகளுமே அவள் செவிக்குக் கிடைக்கும் தமிழாகும். ஆகவே அவளுக்கு ஒரு ஹெட்போன் தேவைப்படுகிறது. அதற்கென வீட்டில் ஒதுக்கக்கூடிய தொகை ஆயிரம் ரூபாய்க்குள் அடங்க வேண்டும்.

இந்த விலைக்குக் கம்பியுள்ள ஹெட்போனே ஏற்றது. கம்பியில்லாக் கருவியில் மின்கலத்துக்கும் வானொலிச் சுற்றுக்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளில் அந்த மின்கலமும் வலுவிழந்துவிடும். கம்பியுள்ளதற்கு மின்னேற்றம் வேண்டியதில்லை. செவித்துளைக்குள் நுழைவது, செவிமடலின் மேல் அமர்வது, செவிமடலைச் சுற்றி மூடுவது என ஹெட்போன்களில் மூவகை உண்டு. இரண்டாம் வகை, அளவிலும் விலையிலும் நடுத்தரமானது. மடித்துப் புத்தகப் பையில் வைக்கலாம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின், தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை 1910-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படைக்கு அளித்தார். 1979-இல் சோனி நிறுவனம் வாக்மேனுடன், நுரைப்பஞ்சு வைத்த எடை குறைந்த ஹெட்போனை வெளியிட்டது. அதன் பின்னர், தெருவில் நடந்து செல்வோரின் தலைகளிலும் அது இடம்பெற்றது. உள்ளமைப்பு இன்றும் எளியதே. கைப்பேசியிலிருந்து வரும் மின்னோட்டம் ஒரு மெல்லிய கம்பிச்சுருளில் பாய்கிறது. அருகிலுள்ள காந்தம் அச்சுருளை முன்னும் பின்னும் அசைக்கிறது. சுருளோடு ஒட்டிய மெல்லிய தகடு அதிர்ந்து காற்றை அசைக்க, ஒலி பிறக்கிறது.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்தால் எண்கள் நிறைந்திருக்கும். 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று ஒரு பெட்டி கூறும். மற்றொன்று அதற்கும் மேலான எண்ணைக் காட்டும். மனிதச் செவி கேட்கும் எல்லையே ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ்தான். அதற்கு மேலுள்ள எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். மின்தடை 16 முதல் 32 ஓம் வரை இருந்தால் கைப்பேசிக்குப் போதும். மற்ற எண்களைப் பார்க்கும் நேரத்தில் ஒருமுறை காதில் அணிந்து பார்ப்பது மேல்.

எதைக் கேட்டுப் பார்ப்பது? கடைக்காரர் பெரும்பாலும் முரசு அதிரும் பாடல் ஒன்றைப் போட்டுக் காட்டுவார். அதில் எல்லா ஹெட்போனும் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். பேச்சின் தெளிவை அறிய அப்பாடல் உதவாது. உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுட்பங்களோ பெரும்பாலும் அவற்றுக்கு மேலான அதிர்வெண்களில் உள்ளன. தாழ்ந்த ஒலியை மிகுதியாகப் பெருக்கும் ஹெட்போனில் இந்த நுட்பங்கள் மூழ்கிவிடும். தலை, தளை, தழை என்ற மூன்று சொற்களையும் பனி, பணி என்ற இரண்டையும் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொண்டு கடைக்குச் செல்லலாம். குறைந்த ஒலியளவிலேயே லகர, ளகர, ழகர வேறுபாடு தெரிந்தால் அது பாடம் கேட்க ஏற்ற ஹெட்போன். அந்த வேறுபாட்டுக்காக ஒலியைக் கூட்ட வேண்டியிருந்தால் பெட்டியை மூடித் திருப்பித் தரலாம். கடைக்காரர் சற்று முகம் சுளித்தாலும் பாதகமில்லை.

குறைந்த ஒலியில் கேட்பது ஏன் அவ்வளவு முதன்மையானது? உட்செவியில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. ஒரு செவிக்கு ஏறத்தாழ 15,000. அதிர்வை நரம்புக்கு உணர்த்துபவை அவையே. உரத்த ஒலியால் அவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. சிறுவருக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 85 டெசிபலில் கேட்கும் சிறுவனுக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 4 மணி நேரமே கிடைக்கும்.

இங்கேதான் மெத்தை வேலை செய்கிறது. மெத்தை செவிமடலோடு நன்றாகப் படியாவிட்டால் கூலரின் இரைச்சல் உள்ளே வரும். அதை வெல்ல மாணவி ஒலியைக் கூட்டுவாள். செயற்கைத் தோல் மெத்தை இரைச்சலை ஓரளவு தடுக்கும். ஆனால் தில்லிக் கோடையில் வியர்க்கும், நாளடைவில் உரியும். நுரைப்பஞ்சு மெத்தை குளிர்ச்சியாக இருக்கும். ஒலியோ இருபுறமும் கசியும். வீட்டில் இரைச்சல் மிகுதியென்றால் வியர்வையைப் பொறுத்துக்கொண்டு தோல் மெத்தையைத் தேர்வதே நல்லது. கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு பத்து நிமிடமேனும் அணிந்து பார்க்க வேண்டும். இறுக்கம் மிகுந்தால் கண்ணாடிக் கால் செவியின் பின்புறத்தை அழுத்தி வலிக்கச் செய்யும். ஹெட்போன் அணிந்திருக்கையில் கை நீட்டும் தொலைவில் ஒருவர் இயல்பாகப் பேசுவது கேட்காவிட்டால் ஒலியளவு மிகுதி என்று கொள்ளலாம்.

செருகும் பின்னையும் பார்க்க வேண்டும். அதில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் கேட்க மட்டுமே உதவும். மூன்று இருந்தால் பெரும்பாலும் ஒலிவாங்கியும் உண்டு. இணையவழி வகுப்பில் விடை சொல்ல வேண்டியவர்களுக்கு மூன்று வளையங்கள் தேவை. பழைய மேசைக் கணினிகளில் பச்சை, இளஞ்சிவப்பு எனத் தனித்தனித் துளைகள் இருப்பதால், அங்கு இரண்டாகப் பிரியும் சிறு இணைப்பு வேண்டும். புதிய கைப்பேசிகள் பலவற்றில் அந்த வட்டத் துளையே இல்லை. டைப்-சி இணைப்பி ஒன்றை வாங்கினால் பயன்படுத்தலாம். எனினும் எல்லா இணைப்பியும் எல்லாக் கைப்பேசியிலும் வேலை செய்யாது. தம் கைப்பேசியையே கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்குவது நன்று.

மலிவு ஹெட்போன்கள் பெரும்பாலும் கம்பியில்தான் பழுதாகின்றன. அதிலும் பின்னுக்கு அருகில். அவ்விடத்தில் வளையக்கூடிய ரப்பர் உறை இருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பார்க்கலாம். கம்பியைக் கைப்பேசியைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் உள்ளிருக்கும் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக அறும். தளர்வான வளையமாகச் சுருட்டி வைத்தால் நெடுநாள் உழைக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒலிக்காமல் போனாலும் உடனே எறிய வேண்டியதில்லை. வானொலி பழுதுபார்க்கும் கடையில் அறுந்த பகுதியை வெட்டிப் புதிய பின் ஒன்றைப் பற்றவைத்துத் தருவார்கள்.