அடுப்பில் இருப்பதும் அடுக்கில் இருப்பதும்: கீமோ எப்படி இயங்குகிறது?

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றப்போகிறவரிடம் ஊரே வந்து சொல்லிவிட்டுப் போவது மூன்று: முடி கொட்டும், வாய் புண்ணாகும், ரத்தம் குறையும். முடிக்கும் வாய்க்கும் ரத்தத்துக்கும் அப்படி என்ன உறவு? மருந்து உடம்பு முழுக்கத்தானே சுற்றி வருகிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், எந்த நாளில் என்ன வரும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதில் பெரும்பாலானதை நாமே கணக்குப் போட்டுவிடலாம்.

உடம்பை ஒரு பெரிய சமையலறையாக வைத்துக்கொள்வோம். ஒரு செல் இரண்டாகப் பிரிவதுதான் இங்கே சமையல். சில அடுப்புகள் அணைவதே இல்லை: ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை, முடிவேர், வாயிலிருந்து குடல் வரைக்குமான உட்சவ்வு. நரம்பு, இதயத்தசை போன்றவை சமைத்து முடித்து டப்பாவில் போட்டு மூடி அடுக்கில் வைத்தவை. புற்றுநோய்க் கட்டி, யார் சொன்னாலும் அணைக்காத அடுப்பு.

கீமோ மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. அடுப்பில் எது இருக்கிறதோ அதைத் தீய்த்துவிடும். கட்டியும் அடுப்பில்தான் இருக்கிறது, முடிவேரும் அடுப்பில்தான் இருக்கிறது.

எந்த மருந்து, என்ன வேலை?

பரவலாகத் தரப்படும் ஒரு முறையை எடுத்துக்கொள்வோம். முதலில் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு இரண்டும் சேர்த்து 21 நாளுக்கு ஒரு தடவையாக 4 தடவை. பிறகு பாக்லிடாக்செல், வாரம் ஒன்றாக 12 வாரம். மொத்தம் 24 வாரம்.

டாக்ஸோரூபிசின், செல்லின் டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டு, முறுக்கைப் பிரிக்கும் நொதியை முடக்குகிறது. சைக்ளோபாஸ்பமைடு இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. சமையல் குறிப்பே பாழானால் எதைப் பார்த்துச் சமைப்பது? பாக்லிடாக்செல் சமையலின் கடைசிக் கட்டத்தில் வருகிறது. செல் இரண்டாகப் பிரியும்போது இரு பக்கமும் இழுக்கும் நுண்ணிழைகளை அது விறைக்க வைத்துவிடும். கரண்டி சட்டியிலேயே சிக்கிக்கொண்ட மாதிரி.

பிறந்த கதை மூன்றுக்கும் வேறு வேறு. டாக்ஸோரூபிசின் இத்தாலியின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. பாக்லிடாக்செல்லின் கதை, 1962-இல் அமெரிக்காவில் சேகரித்த பசிபிக் யூ மரப்பட்டையில் தொடங்குகிறது. சைக்ளோபாஸ்பமைடு, போருக்கென்று உருவாக்கிய நைட்ரஜன் மஸ்டர்டு என்ற நச்சின் வழிவந்தது.

எல்லாருக்கும் இதே முறை இல்லை. அறுவைக்கு முன்பே கட்டியைச் சுருக்கக் கீமோ தருவதுண்டு. கட்டியின் செல்களில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருந்தால் (ஹெர்2 பாசிட்டிவ்) டிராஸ்டுசுமாப் என்ற மருந்தும் சேரும். கீமோவே தேவைப்படாமல் ஹார்மோன் மாத்திரையோடு முடிகிறவர்களும் உண்டு.

ஏன் இத்தனை தடவை? ஏன் 21 நாள்?

கட்டியில் உள்ள எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் அடுப்பில் ஏறி இருப்பதில்லை. இன்று தப்பித்தது அடுத்த மாதம் ஏறும். அதனால் ஒவ்வொரு சைக்கிளும், அதாவது மருந்தேறும் ஒவ்வொரு சுற்றும், ஒரு பங்கைத்தான் அழிக்கும். மிச்சத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

இடைவெளி நல்ல அடுப்புகளுக்காக. மஜ்ஜையில் மூலச் செல்கள் என்று ஒரு கையிருப்பு உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அடுக்கில் தூங்குகின்றன, அதனால் மருந்துக்குத் தப்பிவிடும். அதிலிருந்து எடுத்து மறுபடி உலை வைத்து ரத்த அணுக்களைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. கட்டிக்கு அந்த வேகத்தில் மீள வராது. அது தலைதூக்குவதற்குள் அடுத்த டோஸ் போய்ச் சேர வேண்டும். சிலருக்கு இந்த 21 நாள் மருந்துகளையே 14 நாளுக்கு ஒரு தடவை தருவார்கள். அப்போது மஜ்ஜையை முடுக்கிவிட, மருந்தேறிய மறுநாளோ அதற்குப் பிறகோ பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசி போடுவார்கள். மஜ்ஜை மும்முரமாக வேலை செய்வதால் அந்த நாள்களில் இடுப்பும் முதுகும் வலிக்கலாம்.

மருந்தேறும் நாள்

முந்தின நாளோ அன்று காலையோ ரத்தப் பரிசோதனை. வெள்ளையணு தேறியிருந்தால்தான் மருந்து. பிறகு உயரமும் எடையும் பார்த்து உடற்பரப்பைக் கணக்கிடுவார்கள். 150 செ.மீ. உயரம், 60 கிலோ எடை என்றால் சுமார் 1.58 சதுர மீட்டர். டாக்ஸோரூபிசின் சதுர மீட்டருக்கு 60 மி.கி. வீதம் கிட்டத்தட்ட 95 மி.கி. வரும். எடை குறைந்தால் கணக்கும் மாறும் என்பதால்தான் ஒவ்வொரு முறையும் எடைமேடையில் நிற்கச் சொல்கிறார்கள்.

முதலில் வாந்தித் தடுப்பு மருந்துகள் ஏறும். அரைமணி கழித்துச் சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசின். இதைப் பாட்டிலில் தொங்கவிட்டுப் போய்விடாமல், பல இடங்களில் நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஓடுகிற சலைனோடு சேர்த்துச் சிரிஞ்சால் மெல்ல மெல்லத் தள்ளுவார். நடுநடுவே கொஞ்சம் பின்னால் இழுத்து, குழாயில் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். ஊசி ரத்தக்குழாய்க்குள்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இந்த மருந்து வெளியே கசிந்தால் தோலும் சதையும் வெந்து புண்ணாகிவிடும். ஊசி இடத்தில் எரிச்சலோ குத்தலோ தெரிந்தால் "பொறுத்துக்கலாம்" என்று இருக்கக் கூடாது, அந்த நொடியே சொல்ல வேண்டும். நெஞ்சில் தோலுக்கடியில் கீமோ போர்ட் என்ற சிறு கருவியை வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் ஊசி போடுவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

ஓரிரு நாளைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தமில்லை, மருந்தின் நிறம். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையை உறுத்தும் என்பதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பாக்லிடாக்செல்லில் கவனிக்க வேண்டியது முதல் சில நிமிடங்கள். முகம் சிவப்பது, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் வந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். இந்த ஒவ்வாமையைத் தடுக்கத்தான் முன்கூட்டியே ஸ்டீராய்டும் அவில் போன்ற ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் போடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் மூன்று நாள் குமட்டல், ஸ்டீராய்டால் தூக்கமின்மை. பிறகு அசதி, மலச்சிக்கல். முதல் வாரக் கடைசியில் வாய்ப்புண். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தலைமுடி. தலைமுடி வேர்களில் பெரும்பகுதி எந்நேரமும் வளர்ச்சியில், அதாவது அடுப்பில், இருப்பதால் கொத்தாக வரும். புருவத்தில் பெரும்பாலானவை ஓய்வில் இருப்பதால் அது தாமதமாகத்தான் உதிரும்.

முக்கியமான நாள்கள் ஏழிலிருந்து பதினான்கு வரை. அடுப்பு தீய்ந்தது முதல் நாள். வெள்ளையணு குறைவது ஏன் ஒரு வாரம் கழித்து? ஏற்கெனவே வடித்து வைத்த சோறு பந்திக்குச் சில நாள் வரும். அது தீர்ந்த பிறகுதான் உலையில் ஒன்றுமில்லை என்பது தெரியும். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் கொஞ்ச காலமே வாழும் ஒரு வகை வெள்ளையணு, அதனால் முதலில் காலியாவது அது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். ரத்தசோகை மெல்ல, சைக்கிள் சைக்கிளாக வருவது அதனால்தான்.

வெள்ளையணு இல்லாத நாளில் தொற்று வந்தால் சீழ், வீக்கம், சிவப்பு எதுவும் சரியாகத் தெரியாது, ஏனென்றால் அவற்றை உண்டாக்குவதே வெள்ளையணுதான். பெரும்பாலும் காய்ச்சல் மட்டுமே அடையாளமாக இருக்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுப் பார்த்துவிட்டு விடிந்ததும் போகலாம் என்று இருந்துவிடக் கூடாது, மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், தொற்று உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும்.

அடுப்புக் கணக்குக்கு அடங்காதவை

மூன்று விஷயங்கள் இந்தக் கணக்கில் வராது. வாந்தி தீய்ந்த அடுப்பால் வருவதில்லை. மருந்து குடலில் செரோடோனினைக் கொட்ட வைத்து மூளையின் வாந்தி மையத்தைக் கிளப்புகிறது. அதனால்தான் அதை மாத்திரைகளால் பெருமளவு தடுக்க முடிகிறது. குமட்டிய பிறகு போடலாம் என்று காத்திருக்காமல், எழுதிக்கொடுத்த நேரத்துக்குப் போட வேண்டும்.

இரண்டாவது, விரல் மரமரப்பு. நரம்பு அடுக்கில் இருக்கும் டப்பாதான், ஆனாலும் பாக்லிடாக்செல் விறைக்க வைக்கும் அதே நுண்ணிழைகள் வழியாகத்தான் நரம்பு தன் நீண்ட கிளைக்குள் சத்தையும் சரக்கையும் அனுப்புகிறது. நீளமான கிளைகள் முதலில் வாடும் என்பதால் கால்விரலிலும் கைவிரல் நுனியிலும் தொடங்கும். ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை, ஊக்கு கையில் பிடிபடவில்லை, செருப்பு நழுவியது தெரியவில்லை என்றால் அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பது, தள்ளிவைப்பது எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் பலன் தரும்.

மூன்றாவது இதயம். டாக்ஸோரூபிசினுக்கு ஆயுள் முழுமைக்கும் ஒரு மொத்த வரம்பு உண்டு. மேற்சொன்ன நான்கு தடவையில் சேர்வது சதுர மீட்டருக்கு 240 மி.கி., அந்த வரம்புக்குள்தான். ஆனாலும் தொடங்கும் முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். படியேறும்போது புதிதாக மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பக்கவிளைவு அதிகம் இல்லையே, மருந்து வேலை செய்யவில்லையோ என்று சிலர் கவலைப்படுவார்கள். முடி கொட்டுவது முடிவேரின் அடுப்பைப் பற்றித்தான் சொல்லும், கட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கட்டிக்கு என்ன ஆனது என்பதை டாக்டரின் கையும் ஸ்கேனும்தான் சொல்ல வேண்டும். அதேபோல் "கவுண்ட் (வெள்ளையணு எண்ணிக்கை) குறைவு, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினால் சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைத்துக் கலங்க வேண்டாம். உலை இன்னும் கொதிக்கவில்லை, அவ்வளவுதான். அன்று கேட்டுக்கொண்டு வர வேண்டியது இரண்டு: கவுண்ட் இப்போது எவ்வளவு, அதுவரை காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது?